சூடு ஆறாத பால்

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. வளர்த்தது நான்கு பிள்ளைகள், பத்தொன்பது மாடுகள். பெரம்பலூருக்கு மேற்கே எங்கள் ஊரில் பெண்கள் பால் சங்கத்துக்கு இருபத்தாறு வருடம் தலைவியாக இருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடிக்கவில்லை. எழுத்துக்கு முன்னால் எனக்குப் பழக்கமானது எண்தான், பாலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் கண்ணாடி மானியில் இருக்கும் எண். அது இருபத்தெட்டில் நின்றால் நல்ல பால். இருபத்தாறுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கலந்த பால். இந்தக் கணக்கில் என்னை ஏமாற்றியவர் எங்கள் தாலுகாவிலேயே கிடையாது. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். இந்தப் பெருமையோடுதான் கண்டிக்குப் போனேன்.

எங்கள் சங்கத்தைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து இங்கா என்ற பெண் வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். அவள் அப்பா வீட்டிலும் மாடு உண்டாம். கன்றை அவள் தடவிய விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவள் நாட்டுப் பணத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாடு கறக்கிறது, சங்கம் மட்டும் கூடிவரவில்லை. “படித்த ஆட்களை அனுப்பிப் பார்த்தோம். இனிமேல் பால் கறக்கிற ஆளை அனுப்பிப் பார்க்கிறோம்” என்று அவள் சொன்னதைக் கூட வந்தவர் தமிழாக்கிச் சொன்னார். நல்ல பேச்சு. எட்டு நாள் போய் இருந்துவிட்டு வர ஒத்துக்கொண்டேன். அங்கேயே பால்மானி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும், என் கைக்கு என்னுடையதுதான் என்று அதைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

முதல் நாள் கட்டுகஸ்தோட்டையில் இறங்கினேன். அந்த மாட்டுத் திட்டத்தின் கண்டி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தயாபரன் என்ற யாழ்ப்பாணத்துத் தம்பி, பரீதா என்ற அம்மாவின் வீட்டு மாடி அறையில் என்னைத் தங்கவைத்தார். கீழே அவர்களுடைய பேக்கரி. சன்னலைத் திறந்தால் மகாவலிப் பாலம். எங்கள் ஊர் ஆற்றில் நான் மணலைப் பார்த்து வளர்ந்தவள். இந்த ஆறு கரை நிறையத் தண்ணீரோடு, பழுப்பாக, என்னைப் போலவே அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பரீதா தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் குடித்ததும் நாக்கு சொல்லிவிட்டது.

“இது மாவுல்ல?” என்றேன்.

“ஓ, பால்மா. நல்ல பால்மா.”

“மலையில இவ்வளவு மாடு இருக்குதுன்னு சொன்னாங்களே.”

“மாடு மலையில ஈக்கிது. பால்மா கடையில ஈக்கிது. எங்களுக்குக் கடைதானே கிட்ட” என்றார் பரீதா, சிரிக்காமல்.

பேக்கரிக்கு எதிரே பார்த்தேன். மூன்று கடைகளில் பால்மாப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. எல்லாம் கப்பலில் வருகிறதாம். எனக்கு மனசு ஆறவில்லை. ராத்திரிக்கு அவர்கள் பேக்கரியில் சுட்ட பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பலில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் தயாபரனோடு கண்டிக்கு பஸ். அங்கே மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இறங்கி கலஹா பஸ் பிடிக்க வேண்டும். வெள்ளை உடுத்தின சனம் கையில் தாமரையோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தள்ளுமுள்ளு இல்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் இவ்வளவு பேர் இருந்தால் காது கிழிந்திருக்கும். பேராதனை தாண்டியதும் பஸ் மலையில் ஏற ஆரம்பித்தது. ஏறுகிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், முனகல் அப்படி. ஒவ்வொரு வளைவிலும் நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் மடியில் முட்டை அட்டையை வைத்துக்கொண்டு தூங்கினாள். ஒரு முட்டைகூட உடையவில்லை.

கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டம். தோட்டத்து வேலைக்காரர்களின் லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மாட்டுத் தொழுவம். எங்களை எதிர்கொண்டவள் அங்கே சங்கத்துக்குத் தலைவியாக நிற்கும் புஷ்பராணி. நாற்பது வயது, கொழுந்து பறிக்கிறவள். விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. “வாங்க பெரியம்மா, கையக் குடுங்க, வழுக்கும்” என்று என்னைப் படியில் ஏற்றினாள். அவள் பாட்டனும் எங்களை அடுத்த துறையூர்ப் பக்கம்தானாம். ஊர்ப் பேர் தெரியவில்லை. எனக்கு அதைக் கேட்டு ஒரு உரிமை வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது என்று பிறகு பட்டது.

பிள்ளைமடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடத்தில், எனக்கு ஓர் அறை. அங்கே உட்கார்ந்து புஷ்பராணி விஷயத்தைச் சொன்னாள். பால் வண்டி காலையில் மட்டும்தான் கலஹாவுக்கு வரும். சாயங்காலப் பால் மறுநாள் வரை தாங்காது. பாதியைக் கன்றுக்கு விட்டு, பாதியை அடிமாட்டு விலைக்கு வாங்க வருகிறவனுக்கு ஊற்றுகிறார்கள். இங்கா நாட்டுக்காரர்கள் ஒரு குளிர்த்தொட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தைந்து வீடு ஒன்றாகச் சேர்ந்து, நல்ல பாலாக ஊற்ற வேண்டும். இல்லையென்றால் தொட்டி வேறு மலைக்குப் போய்விடும். இங்கா மூன்று நாளில் வந்து பார்த்து முடிவு சொல்வாள்.

“இருபத்தாறு வீடு சேத்துட்டேன் பெரியம்மா” என்றாள் புஷ்பராணி. “ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் எத்தன நாளு நின்னேன்னு கால் வலிக்குத்தான் தெரியும். மூத்த மகளுக ரெண்டு பேரும் கொழும்புல வீட்டு வேலைக்குப் போயிட்டாளுக. சின்னவ ஒருத்திதான் கூட இருக்கா. சாயங்காலப் பாலும் வித்துச்சுன்னா இவள அனுப்ப வேண்டியதில்ல.”

தயாபரன் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டார். ராத்திரி அவள் ரொட்டி சுட்டு அனுப்பினாள். கனமான ரொட்டி, கூட மிளகாய்ச் சம்பல். வயிறு நிறைந்தது.

மூன்றாம் நாள் விடியும்போது பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. பெண்கள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் பால் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன். எங்கள் சங்கத்து வழக்கம் என்னவென்றால், மானி காட்டும் எண்ணை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொல்வது. ஒளிவு மறைவு இல்லை. அதனால்தான் எங்கள் சங்கம் நிற்கிறது என்று நான் பல மேடையில் பேசியிருக்கிறேன்.

முதலில் மேற்கணக்கு என்று சொல்லும் மேல் பிரிவிலிருந்து வந்தவர்கள். அரைமணி நேரம் நடந்து வந்திருந்தார்கள். இருபத்தொன்பது. முப்பது. மாரியாயி என்ற வாயாடிக்கு இருபத்தெட்டரை. “என் மாடும் என்னப் போல கெட்டி” என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் புஷ்பராணி. அவள் வீடு பத்தடி தள்ளித்தான். அப்போதுதான் கறந்து நுரையோடு கொண்டுவந்தாள். மானியை விட்டேன். இறங்கிக்கொண்டே போனது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டேன்.

“இருபத்தஞ்சு” என்றேன் உரக்க. “என்னம்மா புஷ்பராணி, தலைவி வீட்டுப் பாலே தண்ணியா இருந்தா மத்தவங்கள யாரு கேக்கறது?”

சிரிப்பு நின்றுவிட்டது.

“நான் தண்ணி ஊத்தலீங்க.”

“மானி பொய் சொல்லாது.”

அவள் பாத்திரத்தை எடுத்தாள். “எங்களுக்கு இந்த வார்த்த புதுசில்லீங்க, தலைவியம்மா. கொழுந்து நிறுக்கையில ஒவ்வொரு வேளையும் தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. மழை பேஞ்சாலும் கழிக்கிறாங்க, வெயில் அடிச்சாலும் கழிக்கிறாங்க. அதையும் இப்பிடித்தான் சத்தமா சொல்லுவாங்க. எங்க வாசல்லயே ஒரு தராசு வேணாம்.” போய்விட்டாள். அவள் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். மீதிப் பேர் பெரட்டுக்கு நேரமாகிறது என்றார்கள்.

ராத்திரி வரை நான் பெரியம்மா. விடிந்ததும் தலைவியம்மா. எனக்கும் கோபம்தான். அவள் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டதற்காக நான் பொய் எண் சொல்ல முடியுமா? அந்தப் பாலில் மானி விட்ட நீளக் குடுவையில் மிஞ்சியிருந்ததை ஒரு போத்தலில் ஊற்றி இறுக மூடினேன். கண்டிக்குப் போய் தயாபரனிடம் மானியை மிதக்கவிட்டுக் காட்ட வேண்டும், வேறு தலைவியைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன்.

பேராதனைக்கு மேலே ஒரு வளைவில் பஸ் நின்றது. என்னமோ ஒரு வார் அறுந்துவிட்டதாம். மழை பிடித்துக்கொண்டது. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் எல்லாரும் ஒண்டினோம். ஈரக் காற்று எலும்பில் இறங்கியது. ஒரு சிங்களத்து அம்மா தன் குடையைப் பாதி எனக்குப் பிடித்தார். மடியிலிருந்த போத்தலைப் பார்த்து “கிரி?” என்றார். பால் என்று கேட்கிறார் என்று கண்டக்டர் சொன்னார். தலையாட்டினேன். பேரப்பிள்ளைக்குக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருப்பார். இரண்டரை மணி நேரம் அங்கே நின்றோம்.

கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சேரும்போது மத்தியானம். பரீதா போன் போட்டார், தயாபரன் மூன்று மணிக்குத்தான் வருவாராம். அதற்குள் ஒருதரம் சரிபார்த்துக்கொள்வோம் என்று பரீதாவின் அடுப்படியில் நீளக் குடுவையை வைத்துப் பாலை ஊற்றி மானியை விட்டேன்.

இருபத்தெட்டரையில் நின்றது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருபத்தெட்டரைதான். அதே பால். போத்தலை என் மடியை விட்டு இறக்கவில்லை.

“என்னத்துக்கும்மா பேயறைஞ்ச மாதிரி ஈக்கிறீங்க?” என்றார் பரீதா. சொன்னேன். அவர் பணியாரத்துக்குச் சீனிப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். அகப்பையால் தூக்கிக் காட்டினார். “இந்தா, சூட்டில தண்ணி மாதிரி ஓடுது. ஆறினா பாருங்க, கரண்டி நிக்கும். பாகுல யாரு தண்ணி ஊத்தின?”

போத்தலை வெந்நீரில் வைத்தேன். கறந்த சூட்டுக்கு வந்ததும் மறுபடி பார்த்தேன். இருபத்தைந்தரைக்கு இறங்கியது. மீதி அரையைக் காலையில் நுரை தின்றிருக்கும்.

எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே தெரு. வேப்பமரத்தடியில் வரிசையில் நிற்கும்போதே நுரை அடங்கிவிடும். எல்லார் பாலும் ஒரே சூடு, ஊரும் சூடு. அங்கே மானி பொய் சொல்ல வேளையே வரவில்லை. இங்கே பனியில் நடந்து வந்த பாலெல்லாம் கெட்டியாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பால் தண்ணீராகத் தெரிந்தது.

மூன்று மணிக்குத் தயாபரன் வந்தார். போத்தல் விஷயம் எனக்கும் பரீதாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் என்னை மரியாதையாக விமானம் ஏற்றிவிட்டிருப்பார்கள். அந்த நினைப்பு எனக்கு வந்தது. ஒரு தேநீர் குடிக்கிற நேரம் இருந்தது. பிறகு சொல்லிவிட்டேன்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அம்மா, நாளைக்கு ஒரு நாள்தான் கிடக்கு, நாளையிண்டைக்கு விடிய இங்கா வாறா. அதுக்குள்ள அந்தச் சனத்தைத் திரும்பக் கூட்டேலுமோ தெரியேல்லை.”

“நான்தான கலைச்சேன். நான்தான் கூட்டணும்.”

“ஓம். நான் ஆட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன்.”

“இன்னிக்கு வேண்டாம் தம்பி. மேலே போகையில இருட்டிரும். அவளப் பகல்ல பாக்கணும்.”

நான்காம் நாள் மாலை புஷ்பராணியைத் தேடி கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே போனோம். பெண்கள் முதுகில் சுமையோடு வரிசையில் நின்றார்கள். நிறுக்கிறவர் ஒவ்வொருவர் பேரையும் எடையையும் உரக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் முடிவிலும் “தண்ணிக்கு ரெண்டு” என்றார். அன்று மழை இல்லை. இலை காய்ந்திருந்தது. ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை. என் குரலும் நேற்று இப்படித்தான் கேட்டிருக்கும்.

புஷ்பராணி என்னைப் பார்த்துவிட்டு வேறு வழியாக நடந்தாள். எழுபத்திரண்டு வயதில் தேயிலைச் செடிக்கு நடுவே ஓடுவது நல்ல காட்சியில்லை. ஒரு கால்வாயில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் திரும்பி வந்து தூக்கினாள்.

“உன் பால் நல்ல பால்” என்றேன், சேற்றில் நின்றுகொண்டு. “தப்பு என்னுது. சூட்டோட பாத்துட்டேன்.”

அவள் என் சேலையில் இருந்த சேற்றைத் தட்டினாள். “இத இங்க எங்கிட்டச் சொல்றீங்க. நேத்து எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்க.”

“நாளைக்கும் எல்லாருக்கும் கேக்கச் சொல்றேன். நீ கூட்டிட்டு வா.”

“வருவாங்களான்னு தெரியாது. நான் வாறேன்.”

ஐந்தாம் நாள் விடியற்காலையில் இங்கா பெரிய ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு பாத்திரமாக வந்தது. இருபத்திரண்டு எண்ணினேன். மூன்று குறைகிறது. ஒரு பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, எல்லார் பாலையும் சின்னப் போத்தல்களில் எடுத்து அதில் இறக்கினேன். எல்லாம் ஒரே சூட்டுக்கு வரட்டும், அதுவரை பால் ஊற்றாத பிளேன்டீ குடிப்போம் என்றேன். குடிக்கும்போது எழுந்து நின்று, என் வயதையும் சங்கத்துத் தலைமையையும் முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என் தப்பைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை. தயாபரன் இங்காவுக்கு எல்லாவற்றையும் இங்கிலீசில் சொன்னார். எதையும் விடவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

இங்கா திட்டத்துப் பால்மானி இருந்த பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். “இதில இருக்காம்” என்றார் தயாபரன். “எந்தச் சூட்டுக்கு எவ்வளவு கூட்டிக் குறைக்க வேணுமெண்டு. இங்கிலீசில மட்டும் வைச்சது தங்கட பிழையாம்.” அந்த அட்டை எனக்குப் பழக்கமானதுதான். எங்கள் சங்கத்திலும் ஒன்று இருக்கிறது. ஆடாமல் இருக்க மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். அதையும் சொன்னேன். அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது.

“எண்ண யாரும் சத்தமா சொல்லக்கூடாது” என்றாள் புஷ்பராணி. “எழுதி, அவங்கவங்களுக்கு மட்டும் காட்டுங்க. கொறையுதுன்னா மறுநாள் சரி பண்ணிக்கிட்டு வரட்டும். மூணுதரம் கொறஞ்சா அப்புறம் பேசிக்கலாம்.”

எனக்கு வாய் வரை வந்தது, அப்படிச் செய்தால் சங்கம் நிற்காது என்று. அடக்கிக்கொண்டேன். அது எங்கள் ஊர்ச் சங்கம்.

ஒவ்வொருத்தியாக வந்து பார்த்துக்கொண்டு போனார்கள். மாரியாயியின் மானி இந்தத் தடவை நன்றாகவே இறங்கிவிட்டது. அவள் காதருகே போனேன்.

“ராத்திரி மழை கேன்ல விழுந்திருச்சு போலங்க” என்றாள் மெதுவாக.

“கேனுக்கு மூடி இருக்குதே.”

“மூடிக்கும் வயசாச்சுங்க, உங்களப் போல.”

சரி என்று விட்டுவிட்டேன். அன்று அவள்தான் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசி, வராத வீடுகளுக்குப் போய் நான்கு பேரைக் கூட்டிவந்தாள். இருபத்தாறு.

இங்கா அப்போதும் முடிவு சொல்லவில்லை. தொட்டியை யார் கழுவுவது, கரண்ட் போனால் என்ன செய்வது, தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். புஷ்பராணி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். தண்ணீருக்கு மலையிலிருந்து குழாயில் விழும் பீலிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஒரு மாதம் தினம் ஊற்றிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு இங்கா கிளம்பினாள். சரியான பெண். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மீதி மூன்று நாளும் கலஹாவில்தான் இருந்தேன். கிளம்பும்போது புஷ்பராணி தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் கொடுத்தாள். “பால்மா போட்டுக் குடிச்சிராதீங்க பெரியம்மா” என்றாள்.

பொங்கல் கழிந்து நான்காம் நாள் போனில் கூப்பிட்டாள். தொட்டி வந்துவிட்டதாம். போனை அதன் பக்கத்தில் வைத்து அது ரீங்கரிக்கிற சத்தத்தைக் கேட்கச் சொன்னாள். சின்னவள் காலையில் பள்ளிக்கூடம் போகிறாள், சாயங்காலம் எண் எழுதுகிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்தி, முதல் நாள் தன் பால் எத்தனையில் நின்றது என்று எனக்கு மட்டும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன்.

எங்கள் சங்கத்து மலருக்குத்தான் இதை என் கையால் எழுதினேன். பிழை திருத்தித் தருகிற என் பேத்தி வெண்ணிலா, “அப்பாயி, நீங்க தப்பாப் பார்த்த இடம் வேண்டாம், எடுத்திரலாம்” என்கிறாள். எடுக்கக் கூடாது. வா கண்ணு, இப்படி உட்கார். முதலிலிருந்து வாசி, ஓர் எழுத்தை விடாமல். நான் இருபத்தைந்து என்று கத்தின இடம் வரும், அதை மட்டும் தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி வாசி.